இல்லாததைக் காட்டிய சாயம்



சென்ற வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போனில் பேசினாள். அவள் மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டதாம். குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் ஏதோ மருந்து விட்டார்களாம். இப்போது நன்றாக இருக்கிறான். "அது என்ன மருந்து சார்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நுரையீரலைப் பலூன் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். அது பாதிதான் உண்மை. அதன் காற்றறைகளின் உட்புறம் ஈரமானது. அந்த ஈரத்தின் பரப்பு இழுவிசை, மூச்சு விடும்போதெல்லாம் அறைகளைச் சுருங்கி ஒட்ட வைக்கப் பார்க்கும். அதைத் தடுப்பது 'சர்ஃபாக்டன்ட்' என்ற வழுவழுப்பான படலம். பெரும்பகுதி கொழுப்பு, கொஞ்சம் புரதம். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் இது போதிய அளவு சுரக்கும்.

மூச்சுத்திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளிடம் இது போதவில்லை என்று 1959-இல் அமெரிக்காவில் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் கண்டறிந்தார்கள். 1963-இல் அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து 39 மணி நேரத்தில் இறந்ததும் இந்த நோயால்தான். அப்போது மருந்து இல்லை. 1980-இல் ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபாக்டன்டை 10 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். என் மாணவி கேட்ட மருந்து அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. நிறைமாதத்தில் பிறந்த சில குழந்தைகளும் இதேபோல் இறந்தன. சில குடும்பங்களில் அடுத்த குழந்தையும் இறந்தது.

அந்த முடிச்சை அவிழ்க்க உதவியது ஆன்டிபாடி. ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து முயலுக்கு ஊசி போட்டால், அதன் ரத்தத்தில் அந்தப் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி உண்டாகும். அதை எடுத்து, மெல்லியதாகச் சீவிய நுரையீரல் துண்டின்மேல் விட்டு, அது ஒட்டிய இடத்தில் நிறம் வரும்படி செய்வார்கள். நிறம் தெரிந்தால் அங்கே புரதம் இருக்கிறது.

இறந்துபோன அப்படிப்பட்ட குழந்தைகளின் நுரையீரலை லாரன்ஸ் நோகீயும் அவருடன் இருந்தவர்களும் இவ்வாறு சோதித்து 1993-இல் எழுதினார்கள். எஸ்பி-ஏ என்ற புரதம் நன்றாகவே தெரிந்தது. எஸ்பி-பி மட்டும் இல்லவே இல்லை. முதல் புரதம் தெரிந்ததால்தான் இரண்டாவது 'இல்லை' என்பதை நம்ப முடிந்தது. சோதனையே பழுதாக இருந்திருந்தால் இரண்டுமே தெரிந்திருக்காது அல்லவா? மறு ஆண்டே மரபணுவில் இருந்த பிழையையும் கண்டார்கள். ஆரோக்கியமான தாய், தந்தை இருவரிடமும் அந்தப் பிழை ஒளிந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

பிள்ளை தங்காவிட்டால் தாய் என்ன தின்றாள், எங்கே போனாள் என்று துருவுகிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ராசியில்லாதவள் என்றுகூடச் சொல்வார்கள். அப்படி யாராவது பேசினால், என்னிடம் படித்தவர்கள் சும்மா இருக்கக் கூடாது.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்