இரத்த உறைவு: கணக்கெடுப்பு காத்த உயிர்கள்

தங்காக் போன்ற சிற்றூரின் மருத்துவமனையில் பதிவாகும் ஒரு நோயாளியின் குறிப்புக்கு நாட்டளவில் என்ன மதிப்பு? இதற்கு வரலாறு பதில் சொல்கிறது.

காலில் தோன்றும் இரத்த உறைவு நுரையீரலுக்கு நகர்ந்தால் உயிரைப் பறிக்கும். ஒருவர் இறந்தால் விதி என்பார்கள். பலரைச் சேர்த்து எண்ணினால்தான் காரணம் புலப்படும்.

1940-இல் லண்டனில் குண்டுமழை. பதுங்கிடங்களில் இரவெல்லாம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிலர் காயமின்றியே இறந்தனர். சவப் பரிசோதனை நிபுணர் கீத் சிம்ப்சன் கணக்கெடுத்தார். நுரையீரல் அடைப்பு மரணங்கள் முந்திய ஆண்டைவிட ஆறு மடங்கு! நாற்காலிச் சட்டம் தொடையை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுத்ததே காரணம் என்றார். பிறகு பதுங்கிடங்களுக்கு அடுக்குக் கட்டில்கள் வந்தன.

2021 ஏப்ரலில் ஐரோப்பிய மருந்து முகமை, ஏறத்தாழ 25 மில்லியன் பேர் அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசி போட்டிருந்த நிலையில் பதிவான 86 அரிய உறைவு நேர்வுகளை ஆராய்ந்தது. தொடர்பு இருக்கக்கூடும் என்றது. மலேசியாவில் அச்சம் பரவியது. அரசு அதை விரும்புவோருக்கு மட்டும் என ஒதுக்கியது. மே 2-இல் முன்பதிவு தொடங்கிய சில மணி நேரத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் நிரம்பின. எண்ணிக்கை தெரிந்தால் அச்சத்தையும் அளந்து பார்க்கலாம்.

ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, திடீர் மூச்சுத்திணறல் என்றால் தாமதிக்கக்கூடாது. மருத்துவரிடம் சொன்னால்தான் சிகிச்சை. பதிவானால்தான் அடுத்தவருக்கும் பாதுகாப்பு.