கோப்பிக் காணியும் சட்டமியற்றியோரும்: 1840களின் கண்டி குறித்து ஒரு நோக்கு

இலங்கையிற் சூதாட்டத் தடைச் சட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டத்திலிருந்தே தொடங்குவர். ஆயின் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் பொதுவிடங்களிற் சூதாடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. இச்சட்டத்தை இயற்றிய சட்டநிரூபண சபையே அதற்கு முந்திய ஆண்டில் மற்றொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. முடிக்குரிய காணிகளில் அத்துமீறுவதைத் தடுப்பதற்கான 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமே அது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். சந்தையில் காசு வைத்து ஆடிய குடியானவனைக் குற்றவாளியாக்கிய சபையினர், அதே வேளையிற் கண்டி மலைகளில் நடைபெற்ற மிகப் பெரியதொரு பந்தயத்திலே தாமே பங்காளிகளாய் இருந்தனர்.

கோப்பிப் பயிர்ச்செய்கையைப் பந்தயம் எனல் மிகையன்று. கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்கபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் 1823ஆம் ஆண்டளவிற் கோப்பி பயிரிடத் தொடங்கினார். சிறிது காலத்துள் தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸ், பேராதனைப் பூந்தோட்டத்துக்கு எதிரே மகாவலி கங்கையின் அக்கரையிலுள்ள கன்னொறுவையில் தமக்கென ஒரு தோட்டத்தை உண்டாக்கினார். நாட்டை ஆள வந்தவர் தோட்டக்காரரும் ஆவது அன்றே தொடங்கிவிட்டது. மண்ணின் இயல்பையோ செடியின் நோய்களையோ அறியாதவர்கள், கடனாகப் பெற்ற பணத்தைக் காட்டுக்குள் இட்டு, இலண்டன் சந்தையின் விலையை எதிர்பார்த்திருந்தனர். 1839இல் விற்கப்பட்ட முடிக்குரிய காணி 10,000 ஏக்கருக்குக் குறைவு; 1841இல் அது 78,000 ஏக்கருக்கு மேல். 1845ஆம் ஆண்டின் இறுதியிற் குடியேற்றநாட்டுச் செயலாளராக வந்த எமர்சன் ரெனன்ற், தேசாதிபதியும் சபையினரும் படையினரும் நீதிபதிகளும் குருமாரும் மலையேறிக் காணி வாங்கிய கதையைத் தமது நூலில் விரித்துரைத்துள்ளார்.

அக்காணிகளை வாங்கியோரின் பெயர்களை நோக்குவோம். தேசாதிபதி ஸ்ருவேட் மக்கன்சி 1,120 ஏக்கர். கண்டியில் அரசாங்க அதிபராயிருந்த ஜோர்ஜ் ரேணர் 2,217 ஏக்கர். மகாவம்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரென நாம் போற்றும் அதே ரேணர்தான் இவர். நில அளவை அதிபதி நொறிஸும் அவரைச் சேர்ந்தோரும் 762 ஏக்கர். கண்டி மாவட்ட நீதிபதி றைற், மேற்குறித்த பேர்ட்டுடன் கூட்டாக 1,751 ஏக்கர். குடியேற்றநாட்டுச் செயலாளர் பிலிப் அன்ஸ்ருதரும் கோப்பித் தோட்ட உரிமையாளரே.

இப்பதவிகளின் தொழிற்பாட்டை அறிந்தாலன்றி இப்பட்டியலின் பொருள் விளங்காது. காணியை அளப்பது நில அளவைத் திணைக்களம். குடிகளின் உரிமைக் கோரிக்கையை முதலில் ஆராய்வது கச்சேரி. வழக்கு எழுமாயின் தீர்ப்பது மாவட்ட நீதிமன்றம். விற்பனைக்கு இறுதி இசைவு அளிப்பவர் தேசாதிபதி. இவ்வாசனங்கள் ஒவ்வொன்றிலும் காணி வாங்குபவர் ஒருவரே வீற்றிருந்தார். 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையின் 15 உறுப்பினருள் 9 பேர் உத்தியோகத்தர்; மத்திய மாகாண அரசாங்க அதிபரும் நில அளவை அதிபதியும் அவர்களுள் அடங்குவர். தேசாதிபதிக்கு ஆலோசனை கூறியோரும், சட்டத்துக்குக் கையுயர்த்தியோரும், அதனாற் பயன்பெற்றோரும் வேறு வேறானவர் அல்லர்.

12ஆம் இலக்கச் சட்டம் காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் அனைத்தும் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என அனுமானித்தது. கண்டிப் பகுதிச் சேனைகளுக்குச் சன்னசு முதலிய சான்றோ, வழக்கமான வரி செலுத்தியமைக்கான அத்தாட்சியோ வேண்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வழக்காற்றினாற் சேனை வெட்டிய கிராமத்தவனிடம் எழுத்தாவணம் எங்ஙனம் இருக்கும்? ஏக்கருக்கு 5 சிலிங் என்ற குறைந்த விலை 1844இலேயே 1 பவுணாக உயர்த்தப்பட்டது. நல்ல காணிகள் பல அதற்குள் கைமாறிவிட்டன.

இதனைத் தனிமனிதரின் பேராசையாக மட்டும் காண்பது பொருந்தாது. கோல்புறூக் ஆணைக்குழுவின் சிக்கனச் சீர்திருத்தங்கள் உத்தியோகத்தரின் சம்பளத்தைக் குறைத்து, ஓய்வூதியத்தையும் ஒழித்தன. தோட்டம் செய்வதற்கு அன்று தடையும் இருக்கவில்லை. இழந்ததை ஈடுசெய்யக் கச்சேரியை விட்டு மலைக்குச் சென்றனர், நிருவாகமும் சீர்குலைந்தது. குடியேற்றநாட்டு அமைச்சர் ஸ்ரான்லி பிரபு 1845ஆம் ஆண்டளவிற் சம்பளத்தை உயர்த்தி, ஓய்வூதியத்தை மீள வழங்கி, தோட்டம் செய்வதைத் தடைசெய்தார். நோயின் காரணத்தை அவர் சரியாகவே உணர்ந்தார் எனலாம். வெட்டப்பட்ட காடுகளுக்கும் பறிக்கப்பட்ட சேனைகளுக்கும் அச்சீர்திருத்தத்தில் இடமிருக்கவில்லை.

1847இல் விலை வீழ்ந்தது. பிரித்தானியச் சந்தையிற் கிடைத்த தீர்வைச் சலுகை நீங்கியமையும் ஐரோப்பிய வணிக நெருக்கடியும் அதற்குக் காரணங்களாகும். தோட்டங்கள் கைவிடப்பட்டன, சில சொற்ப விலைக்கு விற்கப்பட்டன. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியில் உற்றாரைப் புதைத்து வந்த தமிழகத் தொழிலாளர் பலர் கூலி பெறாமலே நின்றனர். பந்தயத்தில் ஒரு காசும் வையாதவர்களே தோல்வியின் சுமையை முதலில் தாங்கினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

வருமானம் குன்றவே, தேசாதிபதி ரொறிங்ரன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். ஆண்டுக்கு 6 நாள் வீதிவேலையையும் கட்டாயமாக்கினார். வீதிகளால் மிகுதியும் பயன்பெற்றோர் தோட்டக்காரரே. 1848 ஜூலை 6ஆந் திகதி கண்டிக் கச்சேரியின் முன் மக்கள் திரண்டனர். அம்மாத இறுதியிற் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் அரசனாக முடிசூட, மாத்தளை தாக்கப்பட்டது. கிளர்ச்சிக்கு வரியே உடனடிக் காரணமென்பர் சிலர். காணியிழப்பே அடிப்படையென்பர் வேறு சிலர். கிராமத்தவனுக்கு இவ்விரண்டும் ஒரே கச்சேரியிலிருந்தே வந்தனவாதலின், இவ்வேறுபாட்டை அவன் உணர்ந்திருப்பானோ என்பது ஐயமே.

புரன் அப்பு இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஆகஸ்டு 8ஆந் திகதி கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். பிரித்தானியப் பாராளுமன்றத் தெரிவுக்குழு விசாரணை நடத்தியது. 1850இல் ரொறிங்ரன் பதவியிழந்தார். புதிய வரிகளுட் சில கைவிடப்பட்டன. 12ஆம் இலக்கச் சட்டமோ நீக்கப்படவில்லை.