கரணையும் கணக்கும்

பறையைத் தீயில் காய்ச்சாமல் நாம் அடிப்பதில்லை. ஈரமேறிய தோல் கனத்துத் தொய்கிறது, அலை மெதுவாகிறது, ஒலி தாழ்கிறது. சூட்டில் தோல் இறுக, அதிர்வெண் கூடுகிறது. பள்ளியில் இது இயற்பியல். நமக்கோ வைக்கோல் நெருப்பருகே கிடைத்த பாடம்.

மிருதங்கத்தில் நம்மவர் இன்னும் ஆழமாகப் போனார்கள். வெறுந்தோலின் மேலொலிகள் அடிப்படை ஒலியின் முழுமடங்குகளாக வருவதில்லை. அதனால் சுருதி நிற்காது. வலந்தலையின் நடுவில் சோற்றோடு கிட்டான்கல் பொடியைக் குழைத்து, மெல்லிய அடுக்குகளாகத் தேய்த்துக் கரணை ஏற்றினால், அந்த மேலொலிகள் மடங்குகளாக ஒழுங்குபடுகின்றன. சிவகாளி குமாரோடு சேர்ந்து சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் இத்தகைய முழவுகளைப் பற்றி எழுதினார். 1934இல் வந்த கட்டுரையில், தோல்மேல் மணல் தூவி, அதிராத கோடுகளைக் கண்ணுக்கே காட்டினார். பெரிய வேலைதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தத் தோலைத் தடவித் தேர்ந்தவர்கள், அடுக்குக்கு அடுக்கு தட்டிக் கேட்டுக் காதாலேயே அளந்தவர்கள் யார்? தஞ்சையிலும் சென்னையிலும் அவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். மாட்டுத்தோலைத் தொட்டதற்காக இழிவும் அவர்களுக்கே. மேடையில் நாதம் மட்டும் புனிதம். அவர்களுடைய வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலாக எழுதினார். அது அச்சேறிய ஆண்டு 2020.