ஐந்து மணி நேர நாயகி

1993இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகி வேடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் படிக்கும் 15 வயதுப் பெண் வேடம். சலித்து எடுத்ததில் கடைசியாக இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் அலிசியா சில்வர்ஸ்டோன், வயது 16. சட்டப்படி பெரியவருக்குச் சமம் என்ற அங்கீகாரத்தை முன்பே வாங்கியிருந்தவர். விடியற்காலையில் அழைத்து நள்ளிரவில் அனுப்பினாலும் யாரும் கேட்க முடியாது. இன்னொருவர் நியூயார்க் பெண் கிளேர் டேன்ஸ். வயது 13.

இந்த மூன்று வயது வித்தியாசம் தயாரிப்பாளருக்குச் சின்ன விஷயம் இல்லை. கலிஃபோர்னியாவில் 9 முதல் 15 வயது வரையுள்ள குழந்தை நடிகர்கள் படப்பிடிப்புத் தளத்தில் ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் இருக்கலாம். அதில் 3 மணி நேரம் படிப்பு, 1 மணி நேரம் ஓய்வு. கேமரா முன் நிற்கக் கிடைப்பது 5 மணி நேரம். ஒரு மணி நேரத் தொடரின் படப்பிடிப்போ நாளொன்றுக்கு 12 மணி நேரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். நாயகி பாதி நாள்கூட இல்லாமல், நாயகியைச் சுற்றியே நடக்கும் கதையை எப்படி எடுப்பது?

அந்தச் சட்டத்துக்கும் ஒரு துயரக் கதை உண்டு. சாப்ளினோடு 1921இல் 'தி கிட்' படத்தில் நடித்த சிறுவன் ஜாக்கி கூகன் சிறு வயதிலேயே கோடி கோடியாகச் சம்பாதித்தான். வயது வந்ததும் தன் பணத்தைக் கேட்டபோது அது கிட்டத்தட்ட முழுவதும் கரைந்துபோயிருந்தது. தாய் மீதும் வளர்ப்புத் தந்தை மீதும் 1938இல் வழக்குப் போட்டார். அதன் விளைவாக 1939இல் கலிஃபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கும் சட்டம் வந்தது. குழந்தை நடிகர்களின் வேலை நேரத்துக்கும் படிப்புக்கும் வரம்பு கட்டும் விதிகளும் அந்த மாநிலத்தில் இறுகின. அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு சிறுவனுக்கு நடந்த அநியாயத்தின் பலனாகத்தான் 1993இல் ஒரு சிறுமிக்கு மதியம் பாடம் நடத்த ஆசிரியர் வந்து உட்கார்ந்தார்.

தயாரிப்பாளர்கள் மார்ஷல் ஹெர்ஸ்கோவிட்ஸும் எட்வர்ட் ஸ்விக்கும் யோசித்தார்கள். 1987 முதல் 1991 வரை ஏபிசி அலைவரிசையில் ஓடிய 'தர்ட்டிசம்திங்' தொடரைத் தந்தவர்கள் இவர்கள். சில்வர்ஸ்டோனை எடுத்தால் வேலை சுலபம். ஆனால் கதையின் ஏஞ்சலா சேஸ், கண்ணாடியில் ஒரு நாள் அழகாகவும் மறுநாள் அவலட்சணமாகவும் தன்னைப் பார்க்கிற பெண். சில்வர்ஸ்டோன் எந்த நாளும் பேரழகி. அவ்வளவு அழகான பெண்ணை உலகம் நடத்துகிற விதமே வேறு என்று ஹெர்ஸ்கோவிட்ஸ் நினைத்தார். டேன்ஸின் முகத்தில் அந்த இரண்டும் மாறி மாறி வந்தன. டேன்ஸையே எடுத்தார்கள். அவர் இல்லாத நேரத்துக்கு என்ன எழுதுவது என்ற கேள்வியை எழுத்தாளர் வின்னி ஹோல்ஸ்மனிடம் விட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு ஹோல்ஸ்மன் எழுதிய பதில்தான் 'மை சோ கால்டு லைஃப்'. வாழ்க்கை என்று நான் சொல்லிக்கொள்கிற இது, என்று சலித்துக்கொள்ளும் தலைப்பு. 19 பகுதிகள்தான். 1994 ஆகஸ்ட் 25இல் ஆரம்பித்து 1995 ஜனவரி 26இல் முடிந்துபோனது. ஒரு பருவம்கூட முழுதாக ஓடவில்லை. ஆனாலும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பதின்பருவம் எப்படிக் காட்டப்பட்டது என்று எழுத வரும் எவரும் இதைத் தாண்டிப் போக முடிவதில்லை.

ஹோல்ஸ்மன் 'தர்ட்டிசம்திங்' எழுத்தாளர் குழுவில் இருந்தவர். ஏஞ்சலாவின் குரலைப் பிடிப்பதற்கு முதலில் அவளுடைய நாட்குறிப்பைப் போல எழுதிப் பார்த்தார். லாஸ் ஏஞ்சலிஸின் ஃபேர்ஃபாக்ஸ் உயர்நிலைப் பள்ளிக்குப் போய் ஓரிரு நாள் வகுப்பும் எடுத்தார். பிள்ளைகள் பேசுவதைக் காதால் கேட்டால் போதும் என்று போனவர், அங்கிருந்து கொண்டுவந்தது வெறும் பேச்சுநடை மட்டும் இல்லை. வாக்கியத்தை முடிக்கத் தெரியாமல் பாதியில் விட்டுவிடுவது, முக்கியமானதைச் சொல்ல வரும்போது 'அது வந்து' என்று இழுப்பது என்று அந்த வயதின் தயக்கம் முழுவதும் வசனத்தில் வந்தது. அதுவரை தொலைக்காட்சியின் பள்ளிப் பிள்ளைகள் வழக்கறிஞர்களைப் போலத் தெளிவாகப் பேசினார்கள்.

கதை நடப்பது பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க் நகரத்தை ஒட்டிய த்ரீ ரிவர்ஸ் என்ற கற்பனை ஊரில். முதல் பகுதியிலேயே ஏஞ்சலா தலைமுடிக்குச் செக்கச் சிவப்பாகச் சாயம் ஏற்றிக்கொள்கிறாள். சின்ன வயதுத் தோழி ஷாரனை விட்டு விலகி, ரேயான், ரிக்கி என்ற புதுக் கூட்டாளிகளோடு சேர்கிறாள். ஜோர்டன் கட்டலானோ என்ற பையன் மேல் மனம் போகிறது. அவனிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. எப்போதும் எதன் மேலாவது சாய்ந்தே நிற்பான். அந்தச் சாய்வு அவளுக்குப் பிடித்திருக்கிறது. அந்த வயதில் காதலுக்கு அதற்கு மேல் காரணம் வேண்டியிருந்ததில்லை என்பது, அந்த வயதைக் கடந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இதுவரை சொன்னது ஒரு பெண்ணின் கதை. டேன்ஸுக்கு 16 வயது ஆகியிருந்தால் இப்படியே போயிருக்கும். அவர் பாடம் படிக்கப் போன அந்த மணி நேரங்களில்தான் கதை வீட்டுக்குள் நுழைந்தது.

அப்பா கிரேயம், மனைவியின் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர். அது மாமனார் மகளிடம் ஒப்படைத்த தொழில். அங்கே மனைவிதான் முதலாளி. கிரேயமுக்கு மனம் முழுவதும் அடுப்படியில், நன்றாகச் சமைப்பார். தொடர் போகப் போக அச்சகத்தை விட்டு வெளியே வந்து, சமையல் வகுப்பில் பழக்கமான ஹாலி என்ற பெண்ணோடு உணவகம் தொடங்கப் பார்க்கிறார். முதல் பகுதியின் முடிவில் ஏஞ்சலா இரவில் வீடு திரும்பும்போது அப்பா வேறொரு பெண்ணோடு தெருவோரம் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிடுகிறாள். அதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்வதில்லை. முந்தைய வருஷம் வரை அப்பாவின் தோளில் தொங்கிய பெண், இப்போது அவர் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறாள். அப்பாவுக்கும் காரணம் கேட்கத் தைரியம் வரவில்லை. இந்த வேடத்தில் டாம் இர்வின் நடித்தார். சிகாகோவின் ஸ்டெப்பன்வுல்ஃப் நாடகக் குழுவில் வளர்ந்தவர். பேசாமல் நிற்பதிலேயே ஒரு மனிதனின் குற்ற உணர்ச்சியைக் காட்டத் தெரிந்தவர்.

அம்மாவாக பெஸ் ஆர்ம்ஸ்ட்ராங். இந்தத் தொடரில் அதிகம் பேசப்படாமல் போனவர் அவர்தான், ஆனால் அதன் முதுகெலும்பு அவர். வீட்டையும் தொழிலையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மகளின் கண்ணில் வில்லியாகத் தெரிகிற அம்மா. தாயும் மகளும் சேர்ந்து மேடையில் நடந்து வரும் பள்ளி நிகழ்ச்சி ஒன்று வருகிறது. அம்மா ஆசை ஆசையாகத் துணி எடுக்கிறாள். மகளுக்கோ முகத்தில் ஒரு பரு. மேடை ஏற மாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் ஒருத்திக்கு அழகு இன்னும் வரவில்லை, மற்றவளுக்கு அது போய்க்கொண்டிருக்கிறது என்ற வேதனையை ஒரே கண்ணாடி முன் நிறுத்திய பகுதி அது.

இன்னொன்று, 10ஆம் பகுதி. அம்மா தன் பெற்றோரின் திருமண நாள் விருந்துக்கு ஓடியாடி ஏற்பாடு செய்கிறாள். ஏஞ்சலாவுக்கு அந்த வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை; ரேயான் வீட்டுக் கொண்டாட்டத்துக்கு நழுவுகிறாள். அங்கே ரேயான் குடித்தும் போதை மருந்து எடுத்தும் நினைவிழந்து விழுகிறாள். சுற்றி இருக்கிற பிள்ளைகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏஞ்சலா தொலைபேசியை எடுத்துக் கூப்பிடுவது யாரை? அதுவரை யாரைப் பார்த்தாலே எரிச்சல் வந்ததோ அந்த அம்மாவை. விருந்தை அப்படியே போட்டுவிட்டு வந்து அந்தப் பெண்ணின் உயிரைக் காப்பாற்றுகிறாள் அவள். நாயகியின் கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் இந்த அம்மா நமக்குக் கிடைத்திருக்கவே மாட்டாள்.

கதைசொல்லும் குரலே ஒரு கட்டத்தில் கைமாறியது. பெரும்பாலும் ஏஞ்சலாவின் மனக்குரல்தான் பின்னணியில் ஓடும். 11ஆம் பகுதியில் அது பக்கத்து வீட்டுப் படிப்பாளிப் பையன் பிரையனுக்குப் போகிறது. 18ஆம் பகுதியில் யாரும் கண்டுகொள்ளாத தங்கை டேனியலுக்குப் போகிறது. இதே டேனியல், ஹாலோவீன் பண்டிகைக்கு எல்லோரும் மாறுவேடம் போடும்போது அக்காவைப் போல உடுத்திக்கொண்டு வந்து நிற்பாள். அந்தச் சின்னப் பெண்ணுக்கு அக்காதான் உலகம் என்பது அக்காவுக்கு மட்டும் தெரியாது.

ரிக்கி வாஸ்கெஸாக நடித்தவர் வில்சன் குரூஸ். கண்ணுக்கு மையிட்டு, பெண்கள் கழிப்பறையில் தோழிகளோடு நின்று பேசும் தன்பாலீர்ப்புப் பையன் வேடம். வெளிப்படையாகத் தன்னை அப்படி அறிவித்துக்கொண்ட ஒரு நடிகர், அப்படிப்பட்ட முக்கியப் பாத்திரத்தில் அமெரிக்காவின் பெரிய அலைவரிசை ஒன்றில் தொடர்ந்து வந்தது அதுவே முதல் முறை. குரூஸ் தன் தந்தையிடம் உண்மையைச் சொன்னது ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. தந்தை வீட்டைவிட்டு வெளியே அனுப்பினார். சில மாதங்கள் காரிலும் நண்பர்கள் வீடுகளிலும் படுத்து எழுந்தார். இதைப் பிற்காலத்தில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

1994 டிசம்பர் 22இல் வந்த கிறிஸ்துமஸ் பகுதியில் ரிக்கி வீட்டில் அடிபட்டு, முகத்தில் காயத்தோடு பனிக் குளிரில் தெருவில் நிற்கிறான். குரூஸுக்கு அங்கே அதிகம் நடிக்கத் தேவைப்பட்டிருக்காது. அந்தப் பகுதியைப் பார்த்த பிறகு அவருடைய தந்தை மகனைத் தேடி வந்து பேசினார். முறிந்த உறவு மறுபடி ஒட்டியது. ஒரு தொடரின் மதிப்பை எதைக்கொண்டு அளப்பது என்று கேட்டால், இந்த ஒரு வீட்டில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும்.

ஆனால் தொலைக்காட்சி நிறுவனங்களின் கணக்கு வேறு. ஏபிசி இந்தத் தொடரை வியாழக்கிழமை இரவு 8 மணிக்கு வைத்தது. அதே நேரத்தில் என்பிசியில் 'மேட் அபவுட் யூ'. அதைத் தொடர்ந்து 8.30க்கு, 1994 செப்டம்பர் 22இல் ஒரு புது நகைச்சுவைத் தொடர் ஆரம்பித்தது. அதன் பெயர் 'ஃபிரெண்ட்ஸ்'. இன்னொரு பக்கம் ஃபாக்ஸில் 'மார்ட்டின்', 'லிவிங் சிங்கிள்' என்று இரண்டு நகைச்சுவைத் தொடர்கள். பள்ளி வயதுப் பெண்ணின் மனப்போராட்டத்தை, வீடே கூடி உட்கார்ந்து சிரிக்கும் நேரத்தில் கொண்டுபோய் வைத்தது பெரும் பிழை. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள், பார்வையாளர் எண்ணிக்கை ஏறவில்லை. பார்த்தவர்களில் பெரும்பகுதி பதின்வயதுப் பெண்கள். அவர்களை அன்றைய விளம்பரச் சந்தை பெரிதாக மதிக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் 'டாசன்ஸ் கிரீக்' போன்ற தொடர்கள் அதே பெண்களை நம்பியே தொழில் நடத்தின என்பதைப் பார்க்கும்போது, ஏபிசி கைவிட்டது எவ்வளவு பெரிய கூட்டத்தை என்று புரியும்.

1995 ஜனவரி 21இல் சிறந்த நடிகைக்கான கோல்டன் குளோப் விருதை வாங்க கிளேர் டேன்ஸ் மேடை ஏறினார். அப்போது வயது 15. ஐந்து நாள் கழித்துத் தொடரின் கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. ரத்து என்ற முறையான அறிவிப்பு மே மாதம் வந்தது.

இடைப்பட்ட மாதங்களில் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. அப்போதுதான் வீடுகளுக்குள் வரத் தொடங்கியிருந்த இணையத்தின் வழியாக ஒருவரையொருவர் கண்டுபிடித்து, கடிதம் எழுதி, பணம் திரட்டி, திரைத்துறைப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். 'ஆபரேஷன் லைஃப் சப்போர்ட்' என்று பெயர். ஒரு தொடரைக் காப்பாற்ற இணையத்தில் நடந்த முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று இது. டேன்ஸுக்கே தொடர விருப்பமில்லை என்ற செய்தி அவர்கள் காதுக்கு எட்டியபோது சிலர் அந்தப் பெண் மீது கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமில்லை. 13 வயதில் வந்த பிள்ளை, படிப்பையும் சினிமாவையும் பார்க்க ஆசைப்பட்டது குற்றமா? ஹோல்ஸ்மனும் அவரைக் குறை சொன்னதில்லை. அந்தப் பெண்ணின் மனம் விலகுவதைத் தான் உணர்ந்ததாகவும், எல்லோரும் விருப்பத்தோடு இல்லாத இடத்தில் தனக்கும் எழுதும் மகிழ்ச்சி குறைந்ததாகவும் பின்னாளில் பேசினார்.

தொடர் நின்ற 1995இலேயே எம்டிவி அதன் மறு ஒளிபரப்பைத் தொடங்கியது. முதல் முறை பார்க்கத் தவறியவர்கள் அப்போது பார்த்தார்கள். 2007இல் முழுத் தொடரும் டிவிடி தொகுப்பாக வந்தபோது அடுத்த தலைமுறையினர் பார்த்தார்கள்.

நடித்தவர்கள் நாலா திசையிலும் போனார்கள். டேன்ஸ் 1996இல் ஜூலியட்டாக நடித்தார், பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார், 'ஹோம்லேண்ட்' தொடருக்காக இரண்டு எம்மி விருதுகள் வாங்கினார். ஜோர்டனாகச் சாய்ந்து நின்ற ஜாரெட் லெட்டோ 2014இல் ஆஸ்கர் மேடையில் நின்றார். குரூஸ் 'ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி'யில் மருத்துவராக வந்தார். எழுத்தாளர் குழுவில் இருந்த ஜேசன் கேட்டிம்ஸ் 'ஃபிரைடே நைட் லைட்ஸ்', 'பேரன்ட்ஹூட்' தொடர்களை வழிநடத்தினார். பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே எடையில் நிற்கும் அந்த எழுத்துமுறையை அவற்றிலும் பார்க்கலாம். ஹோல்ஸ்மன் 2003இல் பிராட்வேயின் 'விக்கிட்' இசை நாடகத்துக்கு வசனம் எழுதினார். படிக்கும் இடத்தில் சந்தித்து, நெருங்கி, பிரிந்து போகும் இரண்டு தோழிகளின் கதை அது.

19ஆம் பகுதி ஒரு முடிவாக எழுதப்பட்டதில்லை. அடுத்த பருவம் வரும் என்ற நம்பிக்கையில் எல்லா முடிச்சையும் அவிழ்க்காமல் விட்டிருந்தார்கள். ரிக்கி முதல் முறையாகத் தன்னைப் பற்றிய உண்மையை வாய்விட்டுச் சொல்கிறான். கிரேயமும் ஹாலியும் உணவக வேலையில் நெருங்கி நிற்கிறார்கள்; அம்மாவுக்குத் தெரிந்ததா இல்லையா என்பது சொல்லப்படவில்லை. ஜோர்டன் கொடுத்த அழகான கடிதத்தைப் படித்து ஏஞ்சலாவின் மனம் இளகுகிறது. எழுதப் படிக்கத் தடுமாறும் அவனுக்காக அதை எழுதிக் கொடுத்தது பிரையன் என்று தெருவில் வைத்து அவளுக்குத் தெரியவருகிறது. ஜோர்டனின் கார் காத்துக்கொண்டிருக்கிறது. அவள் ஏறி உட்கார்கிறாள். கார் நகரும்போது திரும்பிப் பார்க்கிறாள். பிரையன் அதே இடத்தில் நிற்கிறான்.