பழைய கார் வாங்குறீங்களா? 'புகை' விஷயத்தில் உஷார்!

சென்னை,

கையில் 2 லட்சம், 3 லட்சம் சேர்ந்ததும் குடும்பத்தோடு போய்வர ஒரு பழைய கார் வாங்கலாம் என்று கிளம்புபவர்கள் முதலில் பார்ப்பது பெயிண்ட், டயர், ஏ.சி. இந்த மூன்றையும்தான். புகை சர்டிபிகேட் பக்கம் பலரும் திரும்பிக்கூட பார்ப்பதில்லை. ஆனால் காசை கொடுத்து சாவியை வாங்கி ஓட்ட ஆரம்பித்த நிமிடமே, அந்த வண்டி விடும் புகைக்கு பொறுப்பு புது ஓனர்தான். ரோட்டில் மடக்கும்போது "போன வாரம்தான் சார் வாங்கினேன்" என்று சொன்னால் எடுபடாது.

அதனால் புகை விதிகள் என்ன சொல்கின்றன, கார் வாங்குபவருக்கு அதில் என்ன லாபம், என்ன சிக்கல் என்பதை தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பி.எஸ்.4, பி.எஸ்.6 என்ன வித்தியாசம்?

வண்டி எவ்வளவு புகை விடலாம் என்று மத்திய அரசு வகுத்துள்ள அளவுகோல்தான் 'பாரத் ஸ்டேஜ்'. சுருக்கமாக பி.எஸ். நாடு முழுவதும் பி.எஸ்.4 விதி 1-4-2017 முதல் அமலுக்கு வந்தது. அதன்பின் பி.எஸ்.5-ஐ தாண்டிக் குதித்து 1-4-2020 முதல் நேரடியாக பி.எஸ்.6 கொண்டு வரப்பட்டது.

டீசல் கார் ஒரு கிலோ மீட்டர் ஓடினால் 250 மில்லி கிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடலாம் என்று பி.எஸ்.4-ல் இருந்தது. பி.எஸ்.6-ல் அது 80 மில்லி கிராமாக குறைக்கப்பட்டது. கரித்துகள் அளவு 25 மில்லி கிராமில் இருந்து 4.5 மில்லி கிராமாக இறங்கியது. பெட்ரோல், டீசலில் இருக்கும் கந்தகமும் 10 லட்சத்தில் 50 பங்கில் இருந்து 10 பங்காக குறைக்கப்பட்டது.

ஆய்வுக்கூடத்தில் நல்ல பிள்ளை, ரோட்டில் வேறு

முன்பெல்லாம் புது மாடல் காரை ஆய்வுக்கூடத்தில் உருளை மீது நிறுத்தி ஓட்டி புகையை அளந்தார்கள். இதில்தான் பெரிய தில்லுமுல்லு நடந்தது. சோதனை நடக்கும்போது மட்டும் புகையை குறைத்துக் காட்டும் சாப்ட்வேரை ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம் டீசல் கார்களில் வைத்திருந்தது 2015-ம் ஆண்டு அமெரிக்காவில் அம்பலமானது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள் இதில் சிக்கின. இந்தியாவிலும் சுமார் 3.23 லட்சம் கார்களை சரிசெய்து தருவதாக அந்த நிறுவனம் திரும்ப அழைத்தது.

இந்தியாவில் 1-4-2023 முதல் பி.எஸ்.6-ன் 2-வது கட்டம் அமலுக்கு வந்தது. இதன்படி காரின் பின்னால் அளவு கருவியை மாட்டி, நிஜ ரோட்டில் ஓட்டி புகையை அளக்க வேண்டும். புகையை கட்டுப்படுத்தும் பாகங்கள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காரே தன்னை கண்காணித்து, கோளாறு என்றால் டேஷ்போர்டில் விளக்கு எரிய வேண்டும்.

வாங்குபவருக்கு என்ன பாதிப்பு?

விதி கடுமையானதால் செலவு கூடியது. சின்ன டீசல் கார்கள் மார்க்கெட்டில் இருந்தே மறையத் தொடங்கின. மாருதி நிறுவனம் 2020-ல் டீசல் கார் விற்பனையை நிறுத்தியது. 2023-ல் ஆல்டோ 800-க்கும், ஹோண்டா சிட்டி டீசலுக்கும் மூடுவிழா நடந்தது.

பி.எஸ்.6 டீசல் கார்களில் கரியை பிடித்து வைக்கும் பில்டர் உண்டு. சிட்டி டிராபிக்கில் மட்டுமே ஊர்ந்து ஓடினால் இது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது ஹைவேசில் ஓட்டினால்தான் சூடேறி கரி எரியும். மாற்ற வேண்டி வந்தால் செலவு பர்சை பதம் பார்த்துவிடும். செலவுக்கு பயந்து பில்டரையே கழற்றி எறிந்த வண்டியும் விற்பனைக்கு வரலாம். தினமும் 10 கிலோ மீட்டர் மட்டும் ஓட்டுபவர்களுக்கு டீசல் கார் தோதுப்படாது.

புகை சர்டிபிகேட் யாருக்கு, எப்போது?

புது வண்டிக்கு முதல் ஒரு வருடம் புகை சர்டிபிகேட் தேவையில்லை. அதன்பின் கட்டாயம். பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்கு எடுத்தால் 12 மாதம் செல்லும். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 6 மாதம்தான்.

பி.எஸ்.4 பெட்ரோல் கார் என்றால் ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தை தாண்டக்கூடாது. பி.எஸ்.2, பி.எஸ்.3 கார் என்றால் 0.5 சதவீதம்.

புகை அளவு விதியை மீறினால் 3 மாதம் வரை ஜெயில், ரூ.10 ஆயிரம் வரை அபராதம், 3 மாதம் லைசென்ஸ் தகுதிநீக்கம் என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டம் சொல்கிறது.

இன்சூரன்ஸ் குழப்பம்

புகை சர்டிபிகேட் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் புதுப்பிக்கக்கூடாது என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. இந்த நிபந்தனையை 2024 ஜூலையில் கோர்ட்டே நீக்கிவிட்டது. விபத்து நடந்தபோது சர்டிபிகேட் இல்லை என்பதற்காக இழப்பீட்டை மறுக்க முடியாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே விளக்கம் அளித்துள்ளது. அதற்காக சர்டிபிகேட்டே வேண்டாம் என்று அர்த்தமில்லை. அபராதம் அப்படியேதான் இருக்கிறது.

'டெல்லி வண்டி' மலிவா?

10 வயது தாண்டிய டீசல் கார், 15 வயது தாண்டிய பெட்ரோல் கார் டெல்லியில் ஓடக்கூடாது என்று தேசிய பசுமை தீர்ப்பாயம் 2014, 2015-ல் உத்தரவிட்டது. இதனால் அங்கிருந்து வண்டிகள் அடிமாட்டு விலைக்கு வெளிமாநிலங்களுக்கு வந்தன. தமிழ்நாட்டில் சொந்த கார்களுக்கு அப்படி வயது தடை இல்லை. ஆனால் டெல்லி ஆர்.டி.ஓ.வின் தடையில்லா சான்று, இங்கே கட்ட வேண்டிய வரி, புது நம்பர் எல்லாம் சேர்த்து கணக்கு பார்த்தால்தான் மலிவா, இல்லையா என்று தெரியும்.

15 வயது முடிந்த காருக்கு எப்.சி. காட்டி ஆர்.சி.யை புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600-ல் இருந்து ரூ.5 ஆயிரம் ஆனது. 20 வயது தாண்டினால் ரூ.10 ஆயிரம் என்று 2025 ஆகஸ்டில் உயர்த்தப்பட்டது. 14 வயது காரை 'சீப்பா கிடைக்குதே' என்று அள்ளிக்கொண்டு வருபவர்கள் அடுத்த வருடமே இந்த செலவை சந்திக்க வேண்டியிருக்கும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* ஆர்.சி.யில் தயாரிப்பு தேதியையும், எந்த பாரத் ஸ்டேஜ் என்பதையும் பாருங்க. 'பி.எஸ்.6-ங்க' என்ற வாய்ப்பேச்சை நம்பாதீங்க.

* மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பர், சேசிஸ் நம்பரின் கடைசி 5 எழுத்துகளை போட்டால் புகை சர்டிபிகேட் நிஜமா, போலியா என்பது தெரிந்துவிடும்.

* சாவியை திருப்பியதும் என்ஜின் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் கோளாறை மறைக்க பல்பை பிடுங்கியிருக்கலாம்.

* சர்டிபிகேட் செல்லுபடியாக இருந்தாலும், வண்டியை புகை பரிசோதனை சென்டருக்கு ஓட்டிப்போய் உங்க கண் முன்னால் ஒருமுறை டெஸ்ட் எடுங்க. பெயிலானால் காரணத்தோடு சீட்டு தருவார்கள். அந்த சீட்டை காட்டி விலையை குறைக்கலாம். இல்லாவிட்டால் வண்டியையே வேண்டாம் என்று விடலாம்.

* படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, ஆர்.சி.யை உடனே உங்க பெயருக்கு மாற்றுங்க. இதற்கும் புகை சர்டிபிகேட் தேவைப்படும்.

சென்டரில் நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதில்லை. அதனால் புகை டெஸ்டில் பாஸ் ஆனாலே என்ஜின் நல்லா இருக்கு என்று முடிவு கட்டிவிடக்கூடாது. தெரிந்த மெக்கானிக்கையும் கையோடு அழைத்துப் போவது நல்லது. விற்பவர் "டெஸ்டெல்லாம் எதுக்குங்க, வண்டி கண்டிஷன்" என்று டெஸ்டுக்கே வண்டியை தர மறுத்தால், அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியை பார்ப்பதே புத்திசாலித்தனம்.