கைமாறிய கப்பலும் கைமாறிய மண்ணும்

போர்க்காலத்தில் படைக்கலங்கள் ஒரு நாட்டிடமிருந்து மற்றொரு நாட்டிற்குக் கைமாறுதல் வியப்பன்று. மண்ணும் மக்களும் அவ்வாறே கைமாறுதல்தான் வேதனைக்குரியது. இவ்விரண்டும் 1943ஆம் ஆண்டின் இறுதியில் சில வார இடைவெளியில் நிகழ்ந்தன.

நெதர்லாந்தை 1940 மே திங்களில் ஜெர்மனி கைப்பற்றியது. அந்நாடு ஆண்டுவந்த கிழக்கிந்தியத் தீவுகள் 1942 மார்ச்சில் ஜப்பானியர் வசமாயின. தாயகம் இழந்த டச்சுக் கடற்படையினர் பிரிட்டனின் துணையோடு போரைத் தொடர்ந்தனர். 'டேலண்ட்' எனும் பெயரில் பிரிட்டன் கட்டிய நீர்மூழ்கிக் கப்பல் 1943 நவம்பரில் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதற்கு 'ஸ்வார்ட்விஸ்' எனப் பெயர் சூட்டினர். வாள்மீன் என்பது அதன் பொருள்.

அதே நவம்பரில் ஜெர்மனியின் 'யு-168' நீர்மூழ்கி, ஜப்பானியர் பிடியிலிருந்த பினாங்குத் துறைமுகத்தை அடைந்தது. இந்தியப் பெருங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்கிவந்த அது, 1944 அக்டோபரில் பத்தாவியாவிலிருந்து சுரபாயா நோக்கிப் புறப்பட்டது. மறைமொழிச் செய்திகளால் அதன் வழியை நேச நாட்டினர் அறிந்திருந்தனர். அக்டோபர் 6ஆம் நாள், சாவகக் கடலில் காத்திருந்த வாள்மீன் டார்ப்பீடோக்களை ஏவி அதனை மூழ்கடித்தது. 23 பேர் மாண்டனர். 27 பேர் உயிர் தப்பினர். தம் தாயகத்தை அடிமைப்படுத்திய நாட்டினரையே டச்சு மாலுமிகள் கடலிலிருந்து மீட்டனர். தலைவர் உள்ளிட்ட சிலரைச் சிறைக்கொண்டு, எஞ்சியோரை உள்ளூர் மீன்பிடி படகொன்றில் ஏற்றிவிட்டனர். பகைக்கு நடுவிலும் மனிதம் பிழைத்திருந்தது.

பண்டைத் தமிழர் கடாரம் என்றழைத்த கெடாவின் நிலை யாது? சயாம் 1909இல் ஓர் உடன்படிக்கையின்வழி அதன்மீதிருந்த மேலாதிக்கத்தைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. ஜப்பானியர் 1941 டிசம்பரில் அதனைக் கைப்பற்றினர். 1943 அக்டோபர் 18இல் பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகியவற்றுடன் அதனைத் தம் நட்பு நாடான சயாமுக்கு அளித்தனர். அலோர் ஸ்டாரில் மீண்டும் சயாமியர் அதிகாரம் நிலவியது. போர் முடிந்த 1945இல் பிரிட்டன் திரும்பியது. இத்தனை கைமாற்றங்களில் ஒன்றிலேனும் மக்களின் இசைவு கேட்கப்பட்டதா? இல்லை. தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழரையும் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசென்றனர். பல்லாயிரவர் ஆங்கே மடிந்தனர்.

கப்பலைப் பெற்றவர்கள் தம் விடுதலைக்காக விரும்பிப் பெற்றனர். மண்ணின் மக்களோ தம் விடுதலைக்கு 1957 வரை காத்திருந்தனர். கலத்தை இரவல் தரலாம். மக்களை இரவல் தர எவருக்கும் உரிமையில்லை.