1986-இல் இணையம் திணறியபோது

1986 அக்டோபர் மாதம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பெர்க்லி நகரம். அங்கே குன்றின்மேல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம், கீழே கலிபோர்னியா பல்கலைக்கழகம். இரண்டுக்கும் நடுவே 400 கெஜ தூரம்தான். கணிப்பொறி வலையமைப்பு வழியாக மேலிருந்து கீழே தகவல் போகும் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டுகளாக இருந்தது. அந்த மாதம் அது திடீரென்று 40 பிட்டுகளாக விழுந்தது.

பிட் கணக்கில் பழக்கமில்லாதவர்களுக்கு வேறு விதமாகச் சொல்கிறேன். ஓர் ஆங்கில எழுத்துக்கு எட்டு பிட்டுகள். 2,000 எழுத்துகள் கொண்ட ஒரு பக்கம் முன்பு அரை விநாடியில் போய்ச் சேர்ந்தது. இப்போது ஏறக்குறைய ஏழு நிமிடம் ஆயிற்று. அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்து ஒரு கடைநிலை ஊழியரிடம் கொடுத்து அனுப்பியிருந்தாலும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

கம்பி அறுந்துபோகவில்லை. இயந்திரம் பழுதாகவில்லை. எல்லாக் கணிப்பொறிகளும் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தன. அவை மும்முரமாக வேலை செய்ததே கோளாறு என்பதுதான் இந்த வரலாற்றின் சுவை.

கணிப்பொறியில் நாம் பார்க்கும் நிரல்களுக்கெல்லாம் அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. பிரெஞ்சில் இதை 'நுவாயோ' என்பார்கள். மாங்கொட்டை என்கிறோமே, அந்தக் கொட்டைதான். வட்டு, நினைவகம், வலையமைப்பு எல்லாவற்றையும் ஆள்வது அதுவே. வலையமைப்பில் கடிதம் அனுப்பவும் பெறவும் டி.சி.பி. என்ற விதிமுறை உண்டு. 1983 ஜனவரி 1 முதல் அமெரிக்க அரசின் ஆர்ப்பாநெட் வலையமைப்பு முழுவதும் இந்த விதிமுறைக்கு மாறியது. பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தங்களுடைய யூனிக்ஸ் கெர்னலுக்குள் அதை எழுதிச் சேர்த்து, பி.எஸ்.டி. என்ற பெயரில் மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் கொடுத்தார்கள். ஆகவே ஓர் ஊரில் எழுதிய நிரல் பல ஊர்களில் ஓடியது.

டி.சி.பி. செய்யும் வேலை, தபால் பிரிவில் வருடக்கணக்கில் உட்கார்ந்த என் போன்ற கிளார்க்குகளுக்குச் சுலபமாக விளங்கும். கடிதத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு அனுப்புகிறது. சேர்ந்ததும் மறுமுனை ஒப்புகை அனுப்புகிறது, பதிவுத் தபாலில் வரும் ஒப்புகை அட்டை மாதிரி. குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால் அதே துண்டை மறுபடி அனுப்புகிறது. வழியில் உள்ள இணைப்பு நிலையங்களில் துண்டுகள் வரிசையில் நிற்கும். வரிசை நிரம்பிவிட்டால் புதிதாக வருபவை கைவிடப்படும்.

இதில் இரண்டு தவறுகள் இருந்தன.

முதலாவது, இணைப்பு கிடைத்தவுடனே, மறுமுனை எவ்வளவு வாங்கிக்கொள்ளுமோ அவ்வளவையும் ஒரே மூச்சில் கொட்டுவது. கட்டடத்துக்குள் இருந்த கம்பி விநாடிக்கு ஒரு கோடி பிட்டுகள் தாங்கும். வெளியே போகும் ஆர்ப்பாநெட் கம்பி தாங்கியது 56,000 பிட்டுகள். குடத்தைப் புனலில் கவிழ்த்தது போலத்தான்.

இரண்டாவது, நினைவூட்டுக் கடிதம் பற்றியது. ஓர் அலுவலகத்திலிருந்து சாதாரணமாகப் பத்து நாளில் பதில் வரும் என்றால், இருபது நாள் பார்த்துவிட்டு நினைவூட்டு அனுப்பலாம். பழைய நிரல் ஏறக்குறைய அப்படித்தான் கணக்குப் போட்டது: சராசரி நேரத்தைப் போல இரண்டு மடங்கு. ஆனால் மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் எந்தக் கோப்பும் முப்பது நாளுக்கு முன் நகராது. அப்போது இருபதாம் நாள் எல்லோரும் நினைவூட்டு அனுப்பினால் என்ன நடக்கும்? அந்தப் பிரிவு நினைவூட்டுகளைப் பதிவேட்டில் ஏற்றுவதிலேயே நாளைக் கழிக்கும். கோப்பு இன்னும் தாமதமாகும். அதனால் இன்னும் நினைவூட்டுகள் வரும். பெர்க்லியில் நடந்தது இதுதான். பழைய நிரலைச் சோதித்தபோது, ஒரு பரிமாற்றத்தில் ஏறக்குறைய எல்லாத் துண்டுகளும் இரண்டாம் முறை அனுப்பப்பட்டிருந்தன. ஒரு பகுதி மட்டும் ஐந்து முறை போயிருந்தது.

இப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொன்னவர் ஒருவர் இருந்தார். ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் ஜான் நேகிள் 1984 ஜனவரியிலேயே இந்த நெரிசல் வீழ்ச்சியை விவரித்து எழுதிவிட்டார். ஆர்ப்பாநெட்டில் அப்போது தேவைக்கு மேல் கொள்ளளவு இருந்ததால் ஆபத்து வெளியே தெரியவில்லை. 1984 அக்டோபரில் இணையத்தில் இருந்த கணிப்பொறிகள் 1,024. 1986 நவம்பரில் 5,089. கூட்டம் சேர்ந்த பிறகுதான் வாசல் குறுகலானது என்று தெரியவந்தது.

பழுது பார்க்க உட்கார்ந்தவர்கள் இருவர். ஆய்வுக்கூடத்தில் வான் ஜேக்கப்சன். பல்கலைக்கழகத்தில், பி.எஸ்.டி.யின் வலையமைப்புப் பகுதியைப் பராமரித்துவந்த மைக் கேரல்ஸ். தவறு தங்கள் நிரலில் இருக்கிறதா, அல்லது மோசமான நிலையிலும் ஓடும்படி அதைச் சீர்படுத்த முடியுமா என்று இரண்டு கேள்விகளை அவர்கள் எழுப்பினார்கள். இரண்டுக்கும் விடை 'ஆம்' என்று வந்தது. மொத்தம் ஏழு திருத்தங்கள் சேர்ந்தன. முக்கியமான மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, மெதுவாகத் தொடங்குதல். முதலில் ஒரே ஒரு துண்டு. ஒப்புகை வந்தால் இரண்டு, பிறகு நான்கு, எட்டு. ஒப்புகை வரும் வேகமே வழியின் அகலத்தைச் சொல்லிவிடும். இதற்குத் தேவைப்பட்டது ஒரு புதிய மாறியும் மூன்று வரி நிரலும்.

இரண்டு, சராசரியை மட்டும் பார்க்காமல், தாமதம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் அளப்பது. அதனால் வீண் நினைவூட்டுகள் குறைந்தன.

மூன்று, ஒரு துண்டு தொலைந்தால் அதை நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு, அனுப்பும் அளவைப் பாதியாக்குவது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. ஏறும்போது நிதானம், இறங்கும்போது வேகம். டிஜிட்டல் நிறுவனத்தில் இருந்த ராஜ் ஜெயினும் கே.கே. ராமகிருஷ்ணனும் இதே காலத்தில் இதே போன்ற முடிவுக்கு வேறு வழியில் வந்தார்கள். இருவரும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர்கள்.

இந்தப் பொறுப்பு ஏன் அனுப்புகிறவரின் தலையில் விழுந்தது? அதற்குப் பிரான்சுக்குப் போகவேண்டும். 1970-களில் அங்கே லூயி பூஸேன் என்பவர் 'சிக்லாத்' என்ற வலையமைப்பை அமைத்தார். நடுவில் உள்ள வலை துண்டுகளைச் சுமந்தால் போதும், ஒழுங்காகச் சேர்ந்ததா என்று பார்ப்பது முனைகளின் வேலை என்பது அவர் கொள்கை. பிரெஞ்சுத் தபால் தந்தித் துறைக்கு அது பிடிக்கவில்லை. வலையே எல்லாவற்றையும் கவனிக்கும் 'திரான்ஸ்பாக்' என்ற அமைப்பை 1978-இல் தொடங்கியது. பாரீசில் உறவினர் உள்ள புதுவைக்காரர்கள் பலருக்குத் தெரிந்த மினிடெல் ஓடியது அதன் மீதுதான். சிக்லாத்துக்குப் பணம் நின்றுபோனது. ஆனால் பூஸேனின் எண்ணத்தை அமெரிக்கர்கள் டி.சி.பி.யில் எடுத்துக்கொண்டார்கள். 2013-இல் இங்கிலாந்து அரசியின் பெயரால் வழங்கும் பொறியியல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

நடுவில் மேலதிகாரி இல்லாத அலுவலகம் அது. ஆகவே ஒழுங்கு ஒவ்வொரு மேசையிலும் இருந்தாக வேண்டும். 1986-இல் குறைந்தது அந்த ஒழுங்குதான். அடக்கமாக அனுப்புகிறவனுக்கு அருகில் ஒருவன் அடக்கமில்லாமல் கொட்டினால், கொட்டுகிறவனுக்கே லாபம். இதைத் தடுக்கக் காவல் எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் திருத்தம் பரவியது. காரணம் எளிது. அது 1988 ஜூனில் 'டாஹோ' என்ற பி.எஸ்.டி. வெளியீட்டில் இருந்தது. கெர்னலைப் புதுப்பித்தவர்கள் கேட்காமலேயே அதைப் பெற்றார்கள். அதே ஆண்டு ஜேக்கப்சன் தம் கட்டுரையையும் வெளியிட்டார். 1989 அக்டோபரில், இணையத்தில் சேரும் எந்தக் கணிப்பொறியும் இந்த முறைகளைக் கடைப்பிடித்தே ஆகவேண்டும் என்ற விதியும் எழுதப்பட்டது.

பராமரிப்பு வேலைக்கு நம் ஊரில் மரியாதை குறைவு. புதுப் பாலத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. பழைய பாலத்தின் விரிசலை அடைத்தவன் பெயர் எங்கும் இருக்காது. கெர்னலிலும் அப்படித்தான். அந்த வேலை முடிந்ததும் இல்லை. கம்பிகள் பல மடங்கு வேகமானபோது, பாதியாக்கிவிட்டு மெல்ல ஏறும் பழைய முறை போதவில்லை. 2006-இல் லினக்ஸ் கெர்னல் 'கியூபிக்' என்ற புதிய கணக்குக்கு மாறியது. பத்து ஆண்டு கழித்து கூகுள் நிறுவனத்தார் இன்னொரு முறையை வெளியிட்டார்கள். அதை எழுதியவர்களின் பட்டியலில் வான் ஜேக்கப்சன் பெயர் இருக்கிறது. முப்பது ஆண்டுக்குப் பிறகும் மனிதர் அதே குழாயைத்தான் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்.

மைக் கேரல்ஸ் 2024-இல் காலமானார். நம் பத்திரிகைகளில் அந்தச் செய்தி என் கண்ணில் படவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளையின் முகம் திரையில் ஒரு கணம் மங்கி, பிறகு தெளிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த மங்கலுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் வழியில் நெரிசல் என்று தெரிந்ததும் அனுப்புகிற பக்கம் அளவைக் குறைத்துக்கொள்ளும் அந்தப் பழக்கம், அந்த இருவர் உட்கார்ந்து சரிசெய்ததிலிருந்து வந்தது.